பெயர் தெரியாத் தலைப்பிரட்டை

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம், தமிழக வரலாற்றில் நீரோடு பிணைந்த ஓர் ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட வாய்க்காலையும் அதன் நீர் சென்று சேர்ந்த ஏரியையும் குறிப்பிடுகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏரிப் பாசனத்தை அறிந்த இவ்வட்டாரத்தில், வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழை பெய்து ஓய்ந்த சில நாட்களிலேயே குட்டைகளும் வயல்களும் தலைப்பிரட்டைகளால் நிறைந்துவிடுகின்றன. இலங்கைத் தமிழர் வாற்பேத்தை என்று வழங்குவதும் இவற்றையே. இவை தவளையின் இளம் பருவம் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால், 'எந்தத் தவளையின் இளம் பருவம்?' என்று அடுத்த வினாவை எழுப்பினால், விடை கூறக்கூடியவர்கள் மிகச் சிலரே.

இவ்வினா அற்பமானதாகத் தோன்றலாம். உண்மையில், இதற்கு விடை கிடைக்காத காரணத்தால் நம் மலைகளில் வாழும் மிகப் பழைமையான உயிரினங்களுள் ஒன்று 85 ஆண்டுகள் பெயரின்றிக் கிடந்தது. அதன் இளம் பருவத்தை 1918இல் அறிவியல் பதிவு செய்தது. அதன் முதிர்ந்த உருவத்திற்கு 2003இல்தான் பெயர் சூட்டியது. குழந்தையை அறிந்திருந்தும் அது யாருடைய குழந்தை என்று அறியாதிருந்த அந்த இடைவெளியின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஓருயிர், ஈருடல்

பட்டு நெசவால் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தார்க்கு உருமாற்றம் என்பது புதிய செய்தியன்று. மல்பெரி இலையைத் தின்னும் புழுவும் கூட்டிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சியும் ஒன்றே என்பதை அத்தொழில் சார்ந்தோர் நன்கறிவர். மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக அப்புழுவை வளர்த்து, அதன் ஒவ்வொரு பருவத்தையும் கண்ணெதிரே கண்டு வந்திருப்பதே இதற்குக் காரணம். காட்டில் வாழும் உயிர்களின் நிலை வேறு. அங்கே புழுவைக் காணும் இடமும் பூச்சியைக் காணும் இடமும் வெவ்வேறாக இருக்கும். இரண்டையும் இணைத்துக் காட்டும் சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை.

தவளைகளின் இரு பருவங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வியப்புக்குரியது. தலைப்பிரட்டை செவுளால் சுவாசிக்கிறது. தவளை நுரையீரலாலும் தோலாலும் சுவாசிக்கிறது. தலைப்பிரட்டைகளில் பெரும்பாலானவை பாசியைச் சுரண்டி உண்பவை; ஆதலின் அவற்றின் குடல் நீண்டு சுருண்டிருக்கும். தவளையோ பூச்சி உண்ணி. அதன் குடல் குறுகியது. கால்கள் முளைக்கின்றன, வால் உடலுக்குள்ளேயே கரைந்து மறைகிறது, வாயின் அமைப்பு முழுவதும் மாறிவிடுகிறது. இருவேறு வாழ்க்கைக்கு ஏற்ற இருவேறு உடல்கள் ஓருயிரில் அமைந்திருக்கின்றன.

இவ்வேறுபாடு அறிஞர்களையே திகைக்க வைத்ததுண்டு. மெக்சிகோவின் ஏரிகளில் வாழும் ஆக்சலாட்டில் என்னும் உயிரி 1864இல் பாரிஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. செவுள்களுடன் நீரிலேயே வாழ்ந்து இனப்பெருக்கமும் செய்த அது ஒரு முழு வளர்ச்சியடைந்த விலங்கெனவே தோன்றியது. மறு ஆண்டில் அதன் குஞ்சுகளுள் சில செவுளை இழந்து, நிலத்தில் வாழும் சலமாண்டராக உருமாறின. தென் அமெரிக்காவில் வாழும் ஒருவகைத் தவளையின் தலைப்பிரட்டை 20 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்கிறது. அதிலிருந்து உருவாகும் தவளையோ அந்நீளத்தில் மூன்றில் ஒரு பங்களவே இருக்கிறது. 1758இல் அதற்குப் பெயரிட்ட லின்னேயஸ், 'முரணானது' என்னும் பொருள்பட 'பாரடாக்சா' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். குஞ்சு தாயைவிடப் பெரிதாக இருக்கும்போது, எது எதன் பருவம் என்ற ஐயம் எழுவது இயல்பே.

வாயால் அறியப்படுவது

தலைப்பிரட்டையை எவ்வாறு இனம் காண்பது? நிறத்தை நம்புவதற்கில்லை. ஒரே இனத்தின் தலைப்பிரட்டைகள் கலங்கிய நீரில் ஒரு நிறமும் தெளிந்த நீரில் மற்றொரு நிறமும் காட்டக்கூடும். பதப்படுத்தும் பார்மலினில் இட்டபின் இருக்கும் நிறமும் மங்கிவிடும். உடலின் நீளமும் நாளுக்கு நாள் மாறும். ஆகவே ஒப்பிடுவதற்கு முதலில் வேண்டுவது வயது பற்றிய பொது அளவுகோல். 1960இல் கென்னத் கோஸ்னர் என்பவர், கருவுற்ற முட்டை முதல் உருமாற்றம் நிறைவுறும் வரையுள்ள வளர்ச்சியை 46 நிலைகளாகப் பகுத்தார். பின்கால் மொட்டு அரும்புவது 26ஆம் நிலை. முன்கால்கள் வெளிப்படுவது 42ஆம் நிலை. இவ்வட்டவணை வந்தபின் இந்தியாவில் பிடிக்கப்பட்ட தலைப்பிரட்டையையும் பிரேசிலில் பிடிக்கப்பட்டதையும் சமநிலையில் வைத்து ஒப்பிட முடிந்தது. பின்கால் வளர்ச்சி நிகழும் நடுப்பருவத்தில் உடலமைப்பு பெரிதும் நிலையாக இருப்பதால், விவரணைக்கு அப்பருவமே உகந்ததாகக் கொள்ளப்படுகிறது.

அடுத்து நோக்கவேண்டியது வாய். மணலுள் மறைந்து கிடக்கும் நுணல் தன் குரலால் அகப்பட்டுக்கொள்ளும் என்பது நம் முன்னோர் கண்டு பழமொழியாக்கிய உண்மை. தவளையின் இளம் பருவமும் ஒருவகையில் தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. பெரும்பாலான தலைப்பிரட்டைகளின் வாயில் கிளியின் அலகை ஒத்த கருநிறத் தாடைகள் உள்ளன. அவற்றின் மேலும் கீழும், நுண்ணிய கொம்புப் பற்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். மேல் உதட்டில் எத்தனை வரிசை, கீழ் உதட்டில் எத்தனை, எந்த வரிசை நடுவில் அறுபட்டிருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் ஒரு சூத்திரமாகவே எழுதுவர். வாயைச் சுற்றியுள்ள சிறு முகிழ்கள், கண்கள் பக்கவாட்டில் உள்ளனவா மேற்புறத்தில் உள்ளனவா என்பது, வால் துடுப்பின் உயரம் ஆகியனவும் குறிக்கப்படும். வாய்வழி உட்சென்ற நீர் செவுள்களைக் கடந்து வெளியேறும் துளை இடப்பக்கத்தில் உள்ளதா, வயிற்றின் நடுக்கோட்டில் உள்ளதா என்பதும் முக்கியமானது. அலகு, பற்கள், இத்துளை ஆகியவற்றைக் கொண்டு கிரேஸ் ஆர்ட்டன் 1953இல் உலகத் தலைப்பிரட்டைகளை நான்கு பெரும் வகைகளாகப் பிரித்துக் காட்டினார்.

இவ்வளவுகோலைச் சமவெளிக் குட்டை ஒன்றில் பொருத்திப் பார்க்கலாம். கன்னங்கரிய சிறு உருவங்கள் கூட்டமாகத் திரிந்தால் அவை தேரையின் குஞ்சுகள். மேல் உதட்டில் இரண்டும் கீழ் உதட்டில் மூன்றுமாகப் பல்வரிசைகள் அவற்றுக்குண்டு. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் உடலுடன் நடுநீரில் அசையாது நிற்பவை குறுவாய்த் தவளைகளின் குஞ்சுகள். அவற்றுக்கு அலகும் இல்லை, கொம்புப் பற்களும் இல்லை, நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கின்றன. வலிய அலகுடன் பிற தலைப்பிரட்டைகளையே வேட்டையாடுவது பெரிய வயல்தவளையின் குஞ்சு. நீருக்கு மேலே செடியிலோ சுவரிலோ ஒட்டப்பட்ட நுரைக்கூட்டிலிருந்து நீரில் விழுந்து வளர்வது மரத்தவளையின் குஞ்சு. ஒரே குட்டையில் நால்வகை வாழ்க்கை! அனைத்தையும் 'தலைப்பிரட்டை' என்ற ஒரு சொல்லால் கடந்துவிடும்போது இவ்வேறுபாடுகள் யாவும் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

பாறையை விடாத உயிர்

சமவெளிக் குட்டைகளில் முதிர்ந்த தவளையும் அருகிலேயே கத்திக்கொண்டிருப்பதால் குஞ்சையும் தாயையும் இணைப்பது ஓரளவு எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் நிலைமை அவ்வாறில்லை. 1916இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேலும், பெங்களூர் மத்தியக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் சி.ஆர். நாராயண ராவும் அக்காலத்தில் தென்னிந்தியத் தலைப்பிரட்டைகளை ஆராய்ந்து வந்தனர். 1918இல் விவரிக்கப்பட்டவற்றுள் ஒன்று தனித்தன்மை வாய்ந்தது. சீறிப் பாயும் நீரோட்டத்திலும் அடித்துச் செல்லப்படாமல் பாறையைப் பற்றிக்கொள்ள உதவும் உறிஞ்சி போன்ற வாய் அதற்கிருந்தது. உடல் மேலிருந்து கீழாகத் தட்டையாக அமைந்திருந்தது.

மலையோடைகளில் வாழும் சில மீன்களும் இவ்வாறே பாறையில் ஒட்டிக்கொள்ளும் உறுப்புகளைப் பெற்றுள்ளன. தவளைக்கும் மீனுக்கும் நெருங்கிய உறவு இல்லாதபோதும், ஒரே நீரோட்டத்தின் வேகம் இருவகை உயிர்களிலும் ஒத்த அமைப்பைத் தோற்றுவித்துள்ளது. ஓர் உடலைப் பார்த்தே அது வாழும் ஓடையின் வேகத்தைச் சொல்லிவிடலாம் என்னும் அளவுக்கு உடலும் ஓடையும் பொருந்தியிருக்கின்றன. ஆயினும் அது வளர்ந்து என்னவாகிறது என்பதை அந்த உடலால் சொல்ல இயலவில்லை.

அதன் பெற்றோரை அறிவியலார் காணாததற்குத் தக்க காரணம் இருந்தது. அத்தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கிறது. கறையான்களை உண்டு அங்கேயே வாழ்கிறது. கோடையின் இறுதியில் பெய்யும் முன்மழையின்போது, இனப்பெருக்கத்திற்காகச் சில நாட்கள் மட்டுமே மேலே வருகிறது. பெண் தவளை தன்னைவிட மிகச் சிறிய ஆணைச் சுமந்துகொண்டு ஓடைப் படுகையின் பாறைக்குழிகளை அடைந்து, ஏறத்தாழ 3000 முட்டைகளை இட்டுவிட்டு மீண்டும் மண்ணுக்குள் சென்றுவிடுகிறது. அந்தச் சில மழை இரவுகளில் அந்த ஓடைக்கரையில் இல்லாத ஆய்வாளருக்கு அது இல்லாத உயிரே.

2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் பிராங்கி போசுயிட்டும் இத்தவளையை உலகிற்கு அறிமுகம் செய்தனர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த அதற்கு நாசிகாபட்ராகஸ் சகியாத்ரென்சிஸ் என்று பெயரிட்டனர். நாசிகா என்பது மூக்கு. பட்ராகஸ் என்பது தவளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். சகியாத்ரி என்பது மலைத்தொடரின் பெயர். ஊதா நிறமும் உப்பிய உடலும் கூரிய மூக்கும் கொண்ட இத்தவளைக்கெனத் தனிக் குடும்பமே வகுக்க வேண்டியதாயிற்று. இதற்கு மிக நெருங்கிய உறவினர் இந்தியாவில் எங்கும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் செய்செல்ஸ் தீவுகளில் வாழும் நான்கு சிறு தவளை இனங்களே அவை. இந்தியாவும் செய்செல்சும் ஒரே நிலப்பரப்பாக இருந்த காலத்தின் சான்று இது.

பெரியது கிடைத்த பின்னரே சிறியதன் பெயர் தெரிந்தது. 1918இல் விவரிக்கப்பட்ட அந்த உறிஞ்சிவாய்த் தலைப்பிரட்டை இத்தவளையினுடையதே என்பதை ஆய்வாளர்கள் உணர்ந்தனர். 2012இல் அனில் சக்கரியாவும் அவருடன் பணியாற்றியோரும் இதன் இனப்பெருக்க முறையையும், முட்டை முதல் உருமாற்றம் வரையிலான வளர்ச்சி நிலைகளையும் விரிவாக வெளியிட்டனர். பேராசிரியர் நாராயண ராவ் 1932இல் தொடங்கப்பட்ட 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியராகவும் விளங்கியவர். இதே தவளை மரபின் தொன்மை குறித்த முக்கியமான கட்டுரை ஒன்று 2004இல் அவ்விதழிலேயே வெளிவந்தது வரலாற்றின் இனிய பொருத்தம்.

இணைக்கும் மூன்று வழிகள்

ஒரு தலைப்பிரட்டை இன்ன தவளையினுடையது என்று உறுதி செய்ய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அதனை வளர்த்துப் பார்ப்பது. இது நம்பகமானது, ஆனால் வேகமான ஓட்டத்தையும் குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீரையும் நாடும் உயிர்களைத் தொட்டியில் வளர்ப்பது எளிதன்று. இரண்டாவது, ஒரே இடத்தில் எல்லாப் பருவத்தினவற்றையும் தேடித் திரட்டி, சங்கிலியின் கண்ணிகளாகக் கோப்பது. கால்கள் முளைத்து வால் முற்றும் மறையாத இடைநிலை உருவம் கிடைத்துவிட்டால் ஐயம் பெரிதும் தீரும். மூன்றாவது, மரபணுவை ஒப்பிடுவது. உடல் எத்தனை மாற்றம் பெற்றாலும் மரபணு மாறுவதில்லை. வாலின் நுனியிலிருந்து எடுத்த சிறு திசு போதும். அதன் ஒரு பகுதியின் எழுத்து வரிசை முதிர்ந்த தவளையின் வரிசையோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம். இதற்கான திசுவைப் பார்மலினில் இடாமல் எத்தனாலில் பாதுகாக்க வேண்டும். பார்மலின் உடலின் வடிவத்தைக் காக்கும், மரபணுவைச் சிதைக்கும்.

தமிழ்நாட்டிற்கு இம்மூன்றாம் வழி ஒரு புதிய உயிரினத்தை அளித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளை மரபணு வழியே பட்டியலிடும் முயற்சியினூடே, மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூரை அடுத்த காட்டுப் பகுதியில் வாழும் ஊதாத் தவளை வேறோர் இனம் என்பது தெரியவந்தது. உருவம், குரல், மரபணு ஆகிய மூன்றையும் சான்றாகக் கொண்டு 2017இல் ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன், எலிசபெத் பிரெண்டினி, சுசில் குமார் தத்தா, ரமேஷ் அகர்வால் ஆகியோர் அதனை விவரித்தனர். கோவையை அடுத்த ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி, 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிர்நீத்த சுப்பிரமணியன் பூபதியின் நினைவாக நாசிகாபட்ராகஸ் பூபதி என்று அதற்குப் பெயரிட்டனர். மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழைக்குரியது. கிழக்குச் சரிவோ வடகிழக்குப் பருவமழையால் பெருமளவு நீர் பெறுவது. இம்மழைக்கால வேறுபாடு இரு இனங்களையும் பிரித்து வைத்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதே மலைத்தொடரில் மற்றொரு புதிர் 2016இல் விடுபட்டது. நீரோடைப் பாறைகளில் அமர்ந்து பின்காலை நீட்டி அசைக்கும் நடனத் தவளைகளின் தலைப்பிரட்டைகள் எங்கே வளர்கின்றன என்பது அதுவரை அறியப்படாதிருந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தையும் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வுக்குழு, அவற்றை ஓடைப்படுகையின் மணலுக்கும் சரளைக்கும் அடியில் கண்டறிந்தது. விலாங்கு போன்ற உடலும் தோலால் மூடப்பட்ட கண்களும் அவற்றுக்கிருந்தன. ஓடையை மட்டும் பார்த்தவர்கள் தேடாத இடம் அது. ஒரு குடும்பத்தின் முழு இளமையும் நம் காலடி மணலில் புதைந்திருந்தது.

அறியாமையின் விலை

இத்தகைய விவரணைகள் நூலக அலமாரிக்கு மட்டும் உரியவை என்று எண்ணுவது தவறாகும். ஊதாத் தவளையின் நாட்காட்டியைச் சற்று நோக்குவோம். முதிர்ந்தது மண்ணுக்கு மேல் தோன்றுவது ஆண்டில் சில நாட்கள். தலைப்பிரட்டையோ நூறு நாட்களுக்கும் மேலாக ஓடையில் பாறையைப் பற்றி வாழ்கிறது. அவ்வுயிர் வெளியுலகில் கழிக்கும் மிக நீண்ட காலம் அதன் குழந்தைப் பருவமே. ஆகவே, ஓர் ஓடையில் இவ்வினம் உள்ளதா என்று அறிய விரும்புவோர் தேடவேண்டியது தலைப்பிரட்டையையே. அதனை அடையாளம் காணத் தெரியாதவர் அணை கட்டுவதற்கு முன்னரோ சாலை அமைப்பதற்கு முன்னரோ அங்கு ஆய்வு நடத்தினால், இல்லை என்றே எழுதிவிட்டுத் திரும்புவார். அந்த ஒரு சொல்லால் அவ்வோடையின் விதி முடிவாகிவிடக்கூடும்.

ஓடும் நீருக்கென அமைந்த உடல் தேங்கிய நீரில் பயனற்றது. சிறு தடுப்பணை ஒன்று மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு நீர்வளத்தைப் பெருக்கியதாகத் தோன்றும். பாறையில் ஒட்டி வாழும் தலைப்பிரட்டைக்கோ அது வாழிடத்தின் முடிவாகும். மற்றோர் அச்சுறுத்தல் உணவுத் தேவை சார்ந்தது. கேரள மலைப்பகுதிகளில் சில பழங்குடிச் சமூகத்தார் இத்தலைப்பிரட்டைகளைப் பிடித்து உண்பது இவ்வினத்திற்கு நேரடியான ஆபத்து என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. இங்கு எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அறிவியல் உலகம் பெயரறியாது தேடிக்கொண்டிருந்த காலத்திலும் அம்மக்கள் அதன் பருவத்தையும் இடத்தையும் நன்கறிந்திருந்தனர். அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவதைவிட, அவர்களது அறிவைப் பாதுகாப்புக்குத் துணையாகக் கொள்வதே நீதியும் பயனுமாகும்.

பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அறிஞர் அத்தமீரி, விலங்குகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற 'ஹயாத்துல் ஹயவான்' நூலை அரபு அகர வரிசையில் அமைத்தார். அத்தகைய நூலில் பெயருள்ளதற்கே இடமுண்டு. இன்றைய சட்டங்களும் பாதுகாப்புப் பட்டியல்களும் அவ்வாறே பெயரை அடிப்படையாகக் கொண்டவை. பெயரில்லாத உயிரை எந்தப் பட்டியலும் காக்க இயலாது. பெயரிருந்தும் இளமையில் அடையாளம் காணப்படாத உயிரைப் பட்டியலில் மட்டுமே காக்க இயலும்.

இது தொலைதூர மலைகளுக்கு மட்டுமுரிய செய்தியன்று. கூரம் போன்ற சமவெளி ஊர்களின் ஏரிகளிலும் குட்டைகளிலும் எந்தெந்தத் தவளைகள் வளர்கின்றன, மழை பெய்த எத்தனையாம் நாளில் எந்தத் தலைப்பிரட்டை தோன்றுகிறது என்பதை ஆண்டுதோறும் குறித்து வைக்கலாம். இதற்குப் பெரும் ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கண்ணாடிக் குவளை, ஓர் உருப்பெருக்கி, ஒரு குறிப்பேடு, பொறுமை ஆகியன போதும். பார்த்தபின் அவ்வுயிரை எடுத்த நீரிலேயே விட்டுவிடலாம். கல்லூரி விலங்கியல் துறைகளும் பள்ளிகளும் ஓர் ஏரிக்கு ஒரு குறிப்பேடு என்று தொடங்கினால், பத்தாண்டுகளில் அக்குறிப்புகளே சான்றாவணமாகிவிடும். ஓர் ஆண்டில் ஓரினம் தோன்றாமற்போனால் அந்தக் குறிப்பேடு அதனைச் சொல்லும். குறிப்பில்லாத ஏரியில் ஓர் உயிர் மறைந்தால், மறைந்தது இன்னதென்று சொல்வதற்குக்கூட எவரும் இருக்கமாட்டார்.